குலத்தொழிலா? கைத்தொழிலா?

தேவாரம் என்ற பேரூரின் பெயர் செய்தித்தாள்களில் எப்போது வருகிறது? மலையிலிருந்து யானை இறங்கி வந்து தோட்டத்தை மிதித்தால் வருகிறது. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-ஆம் ஆண்டு டில்லி அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது வந்தது. சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்று அந்த வட்டாரத்து மக்கள் மனு கொடுக்கும்போதெல்லாம் ஓர் ஓரத்தில் வருகிறது. யானைக்கு இடம் உண்டு, அணுத்துகளுக்கு இடம் உண்டு, சாலைக்கும் கொஞ்சம் இடம் உண்டு. அந்த ஊர்ப் பெண்ணின் பிழைப்புக்கு மட்டும் இடம் இல்லை! இன்று அந்தப் பிழைப்பைப் பற்றியே பேசுவோம் என்று நாம் எண்ணுகிறோம்.

பொழுது புலர்வதற்கு முன்பே, தேவாரம், போடி, கோம்பை, கம்பம் ஊர்களின் தெருமுனையில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குச்சட்டியில் சோறும், தலையில் ஒரு துண்டுமாகப் பெண்கள் அதில் ஏறுகிறார்கள். ஏறுகிறார்கள் என்பதைவிட, அடைபடுகிறார்கள் என்பதே பொருத்தம். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் களையெடுத்து, காய் பறித்து, மழைக்கும் அட்டைக்கும் மருந்து நெடிக்கும் உடம்பைக் கொடுத்துவிட்டு, இருட்டும் வேளையில் இறங்கி வருகிறார்கள். அவர்கள் பறித்த காய் ஸ்டோரில் காய்ந்து, போடிக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு, ஏலக்கூடத்தில் விலை போய், சீமான் வீட்டுப் பாயசத்தில் மணக்கிறது. பறித்தவளின் கையில் மணமில்லை. கறை மட்டும் இருக்கிறது.

இந்தத் தாய்மார்கள் ஒவ்வொருவரும் ஒரு சபதம் வைத்திருக்கிறார்கள். "என் மக இந்த ஜீப்புல ஏறக்கூடாது" என்பதே அந்தச் சபதம். மகளும் பள்ளிக்குப் போனாள், பன்னிரண்டாவது தேறினாள். சிலர் பட்டமும் பெற்றார்கள். அப்புறம்? ஆலை இல்லை, அலுவலகம் இல்லை. திருப்பூருக்கோ கோவைக்கோ போகலாம், வீடு விடவில்லை. தேர்வாணையத் தேர்வு எழுதலாம், எழுதுவோர் இலட்சம், இடம் சில ஆயிரம். இந்த நிலையில் ஒரு புதிய வழி தெரிகிறது. அதுதான் அழகுக்கலை. முகத்தையும் தோலையும் பேணும் தொழில், புருவம் திருத்தும் தொழில், மணப்பெண்ணை அலங்கரிக்கும் தொழில். ஆங்கிலத்தில் 'பியூட்டிஷியன்' என்கிறார்கள். தோலை மட்டும் தனியே பேணுகிறவளை 'எஸ்தெட்டிஷியன்' என்று மேனாட்டார் பிரித்துச் சொல்கிறார்கள்.

இந்த வழி மெய்யான வழியா, கானல் நீரா? அதை ஆராய்வோம்.

முதலில் வீட்டுக்குள்ளிருந்து வரும் எதிர்ப்பைப் பார்க்க வேண்டும். மகள் ஆசையோடு கேட்கிறாள், பெரியப்பன் குறுக்கிடுகிறார்: "நாவிதன் வேலைக்கா புள்ளைய அனுப்பப் போறீக? ஊர் என்ன பேசும்?" ஊர் என்ன பேசும் என்பது இருக்கட்டும், அந்தப் பெரியப்பன் பேசியது என்ன? மனிதனின் முடியைத் தொட்டவனை, முகத்தைத் தொட்டவனை, பிள்ளைப்பேற்றுக்கு உதவியவளை, 'குடிமகன்' என்றும் 'மருத்துவச்சி' என்றும் பெயரிட்டு, களத்து நெல்லில் ஒரு பங்கை அளந்து போட்டு, திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைத்ததே ஒரு சமுதாயம், அதன் குரல்தான் அது! தொட்ட கை தாழ்ந்தது, தொடப்பட்ட தலை உயர்ந்தது. இந்த விந்தைக் கணக்கை மனு எழுதினானோ, மற்றெவன் எழுதினானோ, மறக்காமல் ஒப்பிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே வேலைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் வைத்து, ஆங்கிலத்தில் ஒரு பலகை மாட்டிவிட்டால், சாதி மேட்டில் இருப்பவரும் பங்குதாரராக வருகிறார்! சென்னையிலும் கோவையிலும் கிளை கிளையாகப் பரவிய அழகு நிலையங்களில் முதல் போட்டவர்கள் எல்லாம் அத்தொழிலில் பிறந்தவர்களா? இல்லை. அங்கே அது 'பிசினஸ்'. தேவாரத்தில், தெருமுனையில், மூங்கில் தட்டி மறைவில் செய்தால் அது 'குலத்தொழில்'. வேலை ஒன்றுதான், வேறுபாடு முதலில் இருக்கிறது. அப்படியானால் இழிவு கத்தரியில் இல்லை, கத்தரிப் பிடித்தவனின் ஏழ்மையில் இருக்கிறது என்றாகிறதல்லவா?

இந்த நாட்டில் குலத்தொழில் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1953-இல் இராசாசி அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது அத்திட்டம். நாடே எழுந்தது. 1954-இல் இராசாசி பதவியை விட்டார், காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது. அப்பன் தொழிலை மகன் தலையில் கட்டாதே என்பது அன்று நாம் எழுப்பிய குரல். எழுபது ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில், டில்லி அரசு 'விசுவகர்மா' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், நாவிதர் தொழிலும் அதிலே உண்டு. பரம்பரையாகக் குடும்பத் தொழில் செய்கிறவர்க்கே உதவி என்பது அதன் உள்ளுறை. 18 வயதே போதும் என்பது அதன் வாசல். படிக்க வேண்டிய வயதில் உளியைக் கொடுக்கிறாயே என்று தமிழ்நாடு கேட்டது. பரம்பரை நிபந்தனையை நீக்கு, வயதை 35 ஆக்கு என்றது. டில்லி இணங்கவில்லை, தமிழ்நாடும் ஏற்கவில்லை. சாதி பாராமல் 25 வகைத் தொழிலுக்கு உதவும் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் பிறந்தது. மூன்று இலட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, ஐம்பதாயிரம் வரை மானியம். சிகை அலங்காரத் தொழிலுக்கும் அதில் இடம் தரப்பட்டது.

கொள்கையில் நாம் சரியான பக்கத்தில் நிற்கிறோம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனாலும் தேவாரத்துப் பெண் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள்: "எனக்கு வயது 22. படிப்பை முடித்துவிட்டேன். என் அப்பன் தொழிலை நான் கேட்கவில்லை. என் குடும்பத்தில் எவரும் செய்யாத தொழிலை நானே விரும்பிக் கேட்கிறேன். 35 வயது வரை நான் எங்கே காத்திருப்பது? ஜீப்பிலா?"

இந்தக் கேள்வியை எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு என்று தள்ள முடியாது. நம் வீட்டுப் பெண்ணின் கேள்வி அது. 35 என்ற வேலி, பள்ளிப் பிள்ளையைப் பட்டறைக்கு இழுக்காமல் இருக்கப் போட்ட வேலி. நல்ல வேலிதான். ஆனால் பள்ளியை முடித்து வெளியே வந்தவளுக்கு அந்த வேலியில் ஒரு திட்டிவாசல் வேண்டாமா? வேலையற்ற இளைஞர்க்கு 25 விழுக்காடு மானியத்தோடு கடன் தரும் வேறு திட்டம் மாவட்டத் தொழில் மையத்தில் உண்டு என்று சொல்லலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஓர் ஆவிக்கருவி வாங்க நினைக்கும் பெண், திட்ட அறிக்கை எழுதி, விலைப்புள்ளி வாங்கி, வங்கி மேலாளர் அறைமுன் மூன்று மாதம் நிற்க வேண்டியிருக்கிறது. பெரிய தொகைக்குப் போட்ட படிக்கட்டில் சின்னத் தொகையும் ஏற வேண்டுமென்றால், கால் வலிக்காதா?

அடுத்தது பயிற்சி. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களுக்கென்று அழகுக்கலையில் ஓராண்டுப் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும், முடிவில் தேசியச் சான்று கிடைக்கும். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஒரு மாத அளவில் இலவசப் பயிற்சி, சாப்பாட்டோடு கிடைக்கிறது. கருநாடகத்து உசிரேயில் 1982-இல் தொடங்கிய ஒரு முயற்சியைப் பார்த்து நாடெங்கும் அமைத்த நிலையங்கள் இவை. ஆதிதிராவிட, பழங்குடி இளைஞர்க்குத் தாட்கோவும் இக்கலையில் இலவசப் பயிற்சி அறிவித்திருக்கிறது. இவை எதுவும் தெரியாமல், நகரத்துத் தனியார் நிலையத்தில் தாலிச் சரட்டை அடகு வைத்துப் பணம் கட்டி, சட்டம் போட்ட ஒரு காகிதத்தை வாங்கி வருகிற பெண்கள் எத்தனை பேர்! இலவசமாய் இருப்பதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. விலைக்கு இருப்பதற்கு விளம்பரம் இருக்கிறது.

ஒரு மாதம் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு எட்டு மணி நேரம் என்றாலும் முப்பது நாளில் 240 மணி நேரம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தோல்பேணும் தொழிலுக்கு உரிமம் பெற 600 மணி நேரம் படித்திருக்க வேண்டும், டெக்சாசில் 750. படித்துத் தேர்வு எழுதி உரிமம் பெறாமல் அங்கே ஒருவர் முகத்தில் கை வைக்க முடியாது. இங்கே உரிமமும் இல்லை, கேட்பாரும் இல்லை. உரிமம் என்ற பெயரில் ஏழைப் பெண்ணின் கடையை மூடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். கற்றவளுக்கும் கல்லாதவளுக்கும் ஒரே பலகை என்றால், கற்றவளின் உழைப்புக்கு விலை எங்கிருந்து வரும் என்பதே நம் கேள்வி.

கற்கவேண்டியது என்ன? ஒருவர் புருவத்துக்குப் பயன்பட்ட நூல் அடுத்தவர் முகத்துக்குப் போகக்கூடாது. மெழுகில் ஒரு முறை தோய்த்த குச்சி மறுமுறை தோயக்கூடாது. முடிச்சாயம் பூசுமுன் காதின் பின்புறத்திலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி, ஒரு நாளாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். சாயத்தில் உள்ள ஒரு பொருள் சிலருடைய உடம்புக்கு ஒவ்வாமல் முகமே வீங்கிவிடும். படர்தாமரை எது, மங்கு எது, வெண்புள்ளி எது என்று கண்டு, இது என் வேலை அல்ல, மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லத் தெரியவேண்டும். 'இது என் வேலை அல்ல' என்று சொல்லக் கற்றவள்தான் தொழில் கற்றவள். அதற்கு முப்பது நாள் போதாது.

இங்கேதான் நம் இயக்கத்தவர்க்கு ஒரு தடுமாற்றம் வரக்கூடும். "பெண்ணை அலங்காரப் பொம்மை ஆக்காதே என்றார் பெரியார்; கூந்தலை வெட்டிக்கொள், நகையைக் கழற்று என்றார். நீங்களோ அழகு நிலையத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே!" என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. நாமும் மறைக்காமல் பதில் சொல்வோம்.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. பெண்ணுக்கு ஆசிரியர் வேலை கேட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பெண்ணின் கையில் காசு இருந்தால் அடிமைத்தளை அறும் என்பதே அதன் கருத்து. அழகு நிலையத்தில் நாற்காலியில் அமர்கிறவளை மட்டும் பார்க்காதீர்கள். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவளைப் பாருங்கள். அவள் கணவனிடம் கை நீட்டாமல் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறாள். அவளை நாம் ஆதரிக்கிறோம்.

ஆனால் ஒன்றை நாம் ஆதரிக்கமாட்டோம். முகத்தை வெள்ளையாக்குகிறேன் என்ற புரட்டு அது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஒரு களிம்பு, 'சிவப்பே அழகு' என்ற பொய்யை வீடு வீடாகக் கொண்டுபோயிற்று. உலகமெங்கும் நிறவெறிக்கு எதிராக மக்கள் எழுந்த 2020-ஆம் ஆண்டில் அது தன் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, பெண் பார்க்க வருகிறவனின் கண் மாறியதா? கருப்பு இந்த மண்ணின் நிறம். வெயிலில் நின்று வேலை செய்தவனின் நிறம். நாம் கொடியில் ஏற்றிய நிறம்! அதை வெளுக்கச் சோப்பும் களிம்பும் தேடுவது தோல் நோய் அல்ல, மன நோய்.

அது உயிருக்கும் உலை வைக்கிறது. 2023-இல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றுக்குச் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பலர் முகவெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்று கண்டார்கள். களிம்பில் பாதரசம்! ஒப்பனைப் பொருளில் பாதரசம் கலக்கக் கூடாது என்று உலக நாடுகள் மினமாட்டா உடன்படிக்கை செய்திருக்கின்றன. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு விதிகளும் கூடாது என்கின்றன. ஆனாலும் பெயரில்லாத டப்பாக்கள் சந்தையில் உலவுகின்றன. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் விதி வந்தது. 'ஏழே நாளில் பளபளப்பு' என்று அவையும் கைமாறுகின்றன. தொழில் கற்ற பெண் அந்த டப்பாவைத் திருப்பிப் படிப்பாள், பூசமாட்டாள். கல்லாதவள் பூசுவாள், பழியும் அவளையே சேரும். ஆகவே பெண்ணின் தோலைக் காக்கவும், தொழிலின் மானத்தைக் காக்கவும் கல்வியே காவல்.

பயிற்சி முடிந்தது, வேலை எங்கே? தேவாரத்துப் பெண் முதலில் போடியிலோ, சின்னமனூரிலோ, தேனியிலோ ஒரு நிலையத்தில் கை பழகப் போகிறாள். 'தொழில் கற்றுத் தருகிறோமே' என்ற பெயரில் மாதக்கணக்கில் சம்பளமில்லாத உழைப்பு. தரை கூட்டுவதும் துண்டு துவைப்பதும் பாடத்தில் சேர்த்தி! கை தேர்ந்தபின் இரண்டு வழி. ஒன்று, மலைமேல் போவது. தேக்கடியிலும் மூணாற்றிலும் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளும் ஆயுர்வேத நிலையங்களும் நிறைய உண்டு. மலையாளம் பேசத் தெரிந்த நம் எல்லையோரப் பெண்ணுக்கு அங்கே வேலை கிடைக்கும். தாய் ஏறிய அதே மலை. ஆனால் கையில் அரிவாள் இல்லை, தொழில் இருக்கிறது. மற்றொன்று, வீட்டு முன்னறையில் பலகை மாட்டுவது. தையிலும் பங்குனியிலும் வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணம், சடங்கு என்று ஓய்வில்லாமல் வேலை. ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் வந்தால் கல்லாப்பெட்டி காலி. விடியற்கால முகூர்த்தத்துக்கு நள்ளிரவில் மணப்பெண் வீட்டுக்குப் போகவேண்டும், அதற்குத் துணை வேண்டும், வண்டி வேண்டும். பேசிய பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை 'அப்புறம் பார்க்கலாம், நம்ம புள்ளதானே' என்று சொல்லும் உறவுக்காரர்கள் வேறு!

பட்டணம் போய்ச் செயலி வழி வேலை செய்யலாமே என்பார்கள். 2023 சூனில் போடிக்கு அகல ரயிலும் வந்துவிட்டது. சென்னை போவது எளிது. ஆனால் 2021 அக்டோபரில் குருகிராமில் நடந்தது என்ன? 'அர்பன் கம்பெனி' என்ற நிறுவனத்தின் செயலியை நம்பி வீடு வீடாகச் சென்று அழகுப்பணி செய்த பெண்கள், கமிஷன் எங்கள் கூலியைத் தின்கிறது என்று அந்நிறுவன வாசலிலேயே உட்கார்ந்து போராட நேர்ந்தது. முதலாளி என்று கைகாட்ட ஒரு முகம் இல்லை. 'நீங்கள் தொழிலாளர் அல்ல, பங்காளர்' என்ற இனிப்புப் பேச்சு மட்டும் இருந்தது. இத்தகைய தொழிலாளர்க்காக 2023-இல் தமிழ்நாடு ஒரு நல வாரியம் கண்டது நல்ல தொடக்கம். வாரியம் என்ற பலகை மட்டும் போதாது. பதிவேட்டில் பெண்ணின் பெயர் ஏறவேண்டும்.

தொழில் தாழ்ந்தது என்று சொல்கிறவர்களுக்கு ஓர் உண்மை வரலாறு சொல்வோம். 1867-இல், அமெரிக்காவில், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தாள் ஒரு பெண். ஏழு வயதில் அனாதை ஆனாள். வெள்ளையர் வீட்டுத் துணி வெளுத்துப் பிழைத்தாள். பிறகு கறுப்பினப் பெண்களின் கூந்தலுக்கான தைலம் செய்து விற்றாள், தொழிற்சாலை கண்டாள், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்தத் தொழிலைக் கற்பித்தாள். மேடம் சி.ஜே. வாக்கர் என்பது அவள் பெயர். 1917-இல் பிலடெல்பியாவில் அப்பெண்களைக் கூட்டி மாநாடு நடத்தியபோது என்ன செய்தாள் தெரியுமா? கறுப்பினத்தவரைக் கொலை செய்யும் கொடுமையைத் தடுக்கவேண்டும் என்று குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பச் செய்தாள்! சீப்புப் பிடித்த கைகள் சேர்ந்தபோது அவை உரிமைக்குரல் எழுப்பும் கைகளாயின. தேவாரத்துப் பெண்களின் கைகள் மட்டும் சேராதா?

ஆகவே நாம் கேட்பது இவை.

ஒன்று: படிப்பு முடித்து, பயிற்சிச் சான்றும் பெற்ற பெண்ணுக்கு, 35 வயது காத்திருக்காமல், சிறு தொகைக் கடனுக்கு எளிய வழி திறக்க வேண்டும். மகளிர் குழுக்களை 1989-இல் தருமபுரியில் தொடங்கிக் காட்டிய நாட்டுக்கு இது பெரிய காரியமல்ல.

இரண்டு: குறுகிய பயிற்சியோடு நிறுத்தாமல், அதை முடித்தவர்க்கு உதவித்தொகையுடன் சில மாதக் கைப்பழக்கம் ஏற்பாடு செய்யவேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர்கள் இரண்டு நாள் வந்து பாடம் எடுத்தால், நோய் எது, அழகுக்குறை எது என்ற அறிவு ஊர் ஊராகப் பரவும்.

மூன்று: 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் முடிதிருத்துவோர்க்கு நல வாரியம் கண்ட மாநிலம் இது. அழகு நிலையத்தில் உழைக்கும் ஒவ்வொரு பெண்ணையும் தேடிப்போய்ப் பதிவு செய்யவேண்டும். பரம்பரையாய் அத்தொழில் செய்தவரும், புதிதாய் அத்தொழிலுக்கு வந்தவரும் ஒரே பதிவேட்டில், ஒரே வரிசையில் இருக்கட்டும். சாதி ஒழிப்புக்கு அதைவிட நல்ல வகுப்பறை எது?

நான்கு: இது அரசுக்கு அல்ல, நமக்கு. நம் தோழர்கள் வீட்டிலும் பெரியப்பன்கள் இருக்கிறார்கள். மேடையில் குலத்தொழிலை எதிர்த்துப் பேசிவிட்டு, வீட்டில் 'நாவிதன் வேலையா?' என்று முகம் சுளித்தால் நாம் பேசியது பேச்சல்ல, கூத்து. அந்த முகச்சுளிப்பைத் திருத்த எந்த அழகு நிலையத்தாலும் முடியாது. நாமே திருத்திக்கொள்ள வேண்டும்.

குலத்தொழில் என்பது பிறப்பால் திணிக்கப்படுவது. கைத்தொழில் என்பது அறிவால் தேர்ந்து கொள்வது. முன்னதை உடைக்கப் போராடினோம். பின்னதை வளர்க்கவும் போராட வேண்டும். உடைத்ததோடு நின்றுவிட்டால், இடிந்த சுவருக்கு முன்னால் அந்தப் பெண் வெறுங்கையோடுதான் நிற்பாள்.

நாளை விடியற்காலையிலும் தேவாரம் தெருமுனையில் ஜீப் வந்து நிற்கும். தாய் ஏறுவாள். மகள் அந்த வரிசையில் நிற்கிறாளா, தன் கடைக் கதவைத் திறக்கிறாளா என்பது அவளுடைய தலையெழுத்து அல்ல. தலையெழுத்தை நம்பாதவர்கள் நாம். அது நாம் எழுதவேண்டிய எழுத்து.